போர்வெல்லில் பெட்ரோல் வாடை: டீலர் நீட்டும் பத்திரத்தில் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: நாமக்கல் மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி எழுதுகிறார். வீட்டை ஒட்டி 2014 முதல் பெட்ரோல் பங்க் இருக்கிறது. போன வருட ஐப்பசி மழைக்குப் பிறகு போர் தண்ணீரில் பெட்ரோல் வாடை. பையனுக்குத் தோல் அரிப்பு. தானும் ஒரு லேபில் தண்ணீரைச் சோதித்திருக்கிறார், டீலருக்கு வாட்ஸப்பில் புகாரும் அனுப்பியிருக்கிறார். கேட்கப் போனவரை டீலர் அவமானப்படுத்தி அனுப்பியிருக்கிறார். கவுன்சிலருக்கு உறவினர் என்பதால் யாரும் தட்டிக் கேட்கவில்லை. இப்போது, சித்திரையில் எடுத்த "பெட்ரோல் இல்லை" என்ற லேப் ரிப்போர்ட்டைக் காட்டி, 2 லட்சம் ரூபாய் தருகிறேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று முத்திரைத்தாளில் கையெழுத்துப் போடுங்கள் என்கிறார். பங்க் வீட்டிலிருந்து 50 மீட்டர் தள்ளித்தானே இருக்க வேண்டும் என்கிறார் வாசகி. முன்சீப் கோர்ட்டில் வழக்குப் போட்டு பங்க்கை மூட முடியுமா, இல்லை வீட்டை விற்றுவிடலாமா என்பது கேள்வி.

வக்கீலின் பதில்: டீலர் பேசிய பேச்சு, கவுன்சிலர் உறவு எல்லாம் வழக்குக்கு உதவாது. வீட்டிலிருந்து 50 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்கிறீர்களே, அது 2020-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் புதிய பங்க்குகளுக்குச் சொன்னது. 2014-ல் திறந்த பங்க்கை அதை வைத்து மூட முடியாது. முன்சீப் கோர்ட்டில் நிரந்தர உறுத்துக்கட்டளை (பங்க் நடத்தக் கூடாது என்ற தடை உத்தரவு) கேட்கும் யோசனையை இன்றே விடுங்கள். பசுமைத் தீர்ப்பாயச் சட்டம் 2010, பிரிவு 29 குறுக்கே நிற்கும்: தீர்ப்பாயம் விசாரிக்கும் சுற்றுச்சூழல் வழக்கை சிவில் கோர்ட் எடுக்க முடியாது. நாலு வாய்தா போன பிறகு "இங்கே நிற்காது" என்று கேட்டுக்கொண்டு வெளியே வருவீர்கள்.

உங்கள் வழக்கில் ஒரே விஷயம்தான்: உங்கள் போரில் இருக்கும் பெட்ரோல் அந்த டேங்கிலிருந்து வந்ததா? வந்தது என்றால், கசிவில் யார் கவனக்குறைவு என்று நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. அதே சட்டத்தின் பிரிவு 17 அதைப் பார்த்துக்கொள்ளும். வந்ததைக் காட்ட மூக்கு போதாது, ஒரு ரிப்போர்ட்டும் போதாது.

வழக்குப் போடுபவர்கள் சறுக்குவது இங்கேதான். உங்கள் பக்கம் பாறை பூமி. தண்ணீர் பாறை வெடிப்புகள் வழியாக ஓடுகிறது, நேர்கோட்டில் அல்ல. பங்க்கின் சொந்த போர் சுத்தமாக இருக்கும், பக்கத்து வீட்டு போரில் வாடை அடிக்கும். எதிர்த்தரப்பு முதலில் கொண்டு வருவது அந்தச் சுத்தமான போரின் ரிப்போர்ட்டைத்தான். அடுத்தது கோடை ரிப்போர்ட். நீர்மட்டம் இறங்கும்போது பெட்ரோல் மேலே மண்ணிலும் வெடிப்பிலும் ஒட்டிக்கொண்டு நிற்கும். மழையில் மட்டம் ஏறும்போது மறுபடி தண்ணீரில் கலக்கும். டீலர் ஏன் சித்திரையில் சாம்பிள் எடுத்தார் என்று இப்போது புரிகிறதா? அந்தத் தாளை நம்பிக் கையெழுத்துப் போட்டுவிட்டு கார்த்திகையில் வாடையோடு என் ஆபீசுக்கு வந்தவர்கள் உண்டு. "முழுத் திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற ஒரு வரி அவர்கள் கதையை முடித்திருந்தது.

நீங்கள் எடுத்த சோதனையும் உதவாது. டி.டி.எஸ். (கரைந்த உப்புகளின் அளவு), கடினத்தன்மை, புளோரைடு பார்த்து "குடிக்கத் தகுந்தது" என்று கொடுத்திருக்கிறார்கள். பெட்ரோலில் இருக்கும் ரசாயனங்களான பென்சீன், டொலுயீன், எத்தில்பென்சீன், சைலீன் என்று பெயர் சொல்லிக் கேட்டால்தான் லேப் அதைப் பார்க்கும். பென்சீனுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். அந்த அளவில் மூக்குக்கு ஒன்றும் தெரியாது. சாம்பிளை கோலா பாட்டிலில் பிடித்துப் பஸ்ஸில் கொண்டு போனால் பாதி ஆவியாகிவிடும். சின்னக் கண்ணாடிக் குப்பியில் காற்றுக் குமிழி இல்லாமல் நிரப்பி, ஐஸ் பெட்டியில் போக வேண்டும். என்.ஏ.பி.எல். (லேப்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் உள்ள லேப் ஆளே வந்து எடுக்கட்டும். மழைக்கு முன் ஒன்று, பின் ஒன்று, இப்படி இரண்டு வருடம். போரை ஆழப்படுத்த வேண்டாம். மேலே இருப்பதைக் கீழே இழுத்துவிட்டு, பிறகு அதற்கும் உங்களையே குறை சொல்வார்கள்.

காலக்கெடு: சுற்றுச்சூழல் தகராறைத் தீர்ப்பாயத்துக்குக் கொண்டுபோக பிரிவு 14 தரும் 6 மாதம் உங்களுக்குப் போய்விட்டது. இழப்பீடும் சீரமைப்பும் கேட்க பிரிவு 15 இருக்கிறது, 5 வருடம். மனுப் போட வேண்டிய இடம் சென்னையில் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு. கேட்கும் தொகையில் 1 சதவீதம் கட்டணம், குறைந்தது 1,000 ரூபாய். டீலரை மட்டும் எதிர்மனுதாரராகப் போட்டுவிடாதீர்கள். நிலத்தடி டேங்க் பெரும்பாலும் எண்ணெய் நிறுவனத்துடையது. நிறுவனம், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், லைசென்ஸ் கொடுக்கும் பெசோ (மத்திய அரசின் பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு), கலெக்டர் எல்லோரும் இருக்க வேண்டும். இடைக்காலமாக டேங்க் கசிவுச் சோதனை, பங்க்குக்கும் உங்கள் போருக்கும் நடுவில் கண்காணிப்புக் குழாய்கள், தினசரி ஸ்டாக் ரெஜிஸ்டரை அழிக்காமல் வைக்க உத்தரவு, இவ்வளவும் கேளுங்கள். டேங்கில் கோல் விட்டு அளக்கும் டிப் அளவில், விற்ற கணக்குக்கு மேல் தினமும் காணாமல் போன லிட்டர்தான் உங்கள் சிறந்த சாட்சி.

இருந்தாலும், சமாதானமாகப் போங்கள் என்றுதான் சொல்வேன். தண்டையார்பேட்டையில் 2013-ல் எண்ணெய்க் குழாய் கசிந்து போர்களில் எரிபொருள் வந்தது. ஊரே திரண்டு கேட்ட விஷயம், அதிலேயே சுத்தப்படுத்தும் வேலை வருடக்கணக்கில் இழுத்தது. நீங்கள் தனி வீடு. ஆனால் டீலரின் பத்திரத்தில் அல்ல, உங்கள் பத்திரத்தில். எண்ணெய் நிறுவனமும் கையெழுத்துப் போட வேண்டும். குடிநீர் இணைப்புச் செலவு அவர்களுடையது. நீங்கள் தேர்ந்தெடுக்கும் லேப், இரண்டு மழைக்காலம் அவர்கள் செலவில் சோதனை. "இனி கோரிக்கை இல்லை" என்ற வரி, இரண்டு மழைக்காலமும் சுத்தமாக வந்த பிறகுதான். பையனின் தோல் அரிப்பு உள்ளிட்ட உடல்நலக் கோரிக்கை அதில் அடங்காது என்று தனியாக எழுதுங்கள். பணம் 2 லட்சத்துக்கு மேல் போகாவிட்டாலும் பரவாயில்லை, இந்த வரிகளை விடாதீர்கள்.

வீட்டை விற்பது பற்றி: விற்கலாம், மறைத்து விற்க முடியாது. சொத்து மாற்றுச் சட்டம் பிரிவு 55 படி, வாங்குபவர் சாதாரணமாகப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத குறையை, தெரிந்த விற்பனையாளர் சொல்லியே ஆக வேண்டும். வாடை அடிக்காத சித்திரையில் கிரையம் முடிக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால், டீலருக்கு நீங்கள் அனுப்பிய வாட்ஸப் புகார்கள் எந்தத் தேதியில் இருக்கின்றன என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.