நாஷ்வில்: நகரமும் கவுன்டியும் ஒன்றாகி அறுபது வருடம், பஸ் ஏன் தாமதம்? (கேள்வி பதில்)

போக்குவரத்துத் திட்டமிடல்தான் என் தொழில். பதினாறு வருட வேலையில் பாதிக்கு மேல் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்து நாஷ்வில்லில் கழிந்தது. நகர ஆட்சியும் கவுன்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) ஆட்சியும் இணைவது பற்றியும் பஸ் பற்றியும் கேளுங்கள் என்றேன். கேள்விகள் வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, எல்லாரும் "மெட்ரோ நாஷ்வில்" என்கிறார்கள். மெட்ரோ ரயிலே இல்லையே?

அந்த "மெட்ரோ" அரசாங்கத்தின் பெயர். நாஷ்வில் நகரமும் அதைச் சுற்றியிருந்த டேவிட்சன் கவுன்டியும் 1963 ஏப்ரல் 1 அன்று ஒரே அரசாயின. அதற்குப் பிறகு மேயர் ஒருவர், கவுன்சில் ஒன்று.

இது சுலபமாக நடக்கவில்லை. 1958இல் முதல் வாக்கெடுப்பு. நகரத்துக்குள்ளும் வெளியிலும் தனித்தனியாகப் பெரும்பான்மை வேண்டும் என்பது விதி. நகரம் சரி என்றது, வெளியே இருந்தவர்கள் மறுத்தார்கள். அப்புறம் நகர நிர்வாகம், அங்கே வசித்தவர்களைக் கேட்காமலேயே பெரிய புறநகர்ப் பகுதிகளைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. நகரத் தெருக்களில் ஓடும் கார்களுக்கு 10 டாலர் வரி போட்டு, கட்டியதற்கு அடையாளமாகப் பச்சை ஸ்டிக்கர் ஒட்டச் சொன்னது. புறநகர்க்காரர்களுக்குக் கோபம். கேட்காமல் விழுங்குவதைவிட ஒன்றாகச் சேர்ந்து ஆளலாம் என்று 1962 ஜூனில் ஆம் என்றார்கள். கவுன்டி தரப்பில் தலைமை தாங்கிய பெவர்லி பிரைலி முதல் மெட்ரோ மேயர் ஆனார்.

கேள்வி: அப்போதே பஸ்ஸையும் ஒன்றாக்கியிருக்கலாமே?

பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இது. 1962இல் மக்களை உறுத்திய பிரச்சினை சாக்கடை. புறநகர் வீடுகள் செப்டிக் டேங்கை நம்பி இருந்தன, அடியில் சுண்ணாம்புப் பாறை, தண்ணீர் கீழே இறங்காது. அடுத்து பள்ளிக்கூடம், போலீஸ். பஸ் அப்போது தனியார் கம்பெனி கையில் இருந்ததால் இணைக்க அரசிடம் எதுவும் இல்லை. கார் பெருகப் பெருக பஸ் தொழில் நொடித்துப் போனது. பொது ஆணையம் பஸ்ஸை எடுத்துக்கொண்டது 1973இல்தான். அதுதான் இன்றைய வீகோ.

எடுத்துக்கொண்டபோதும் அதற்கென்று தனி வரி கிடையாது. 2024 வாக்கெடுப்பு வரை, ஒவ்வொரு வருடமும் கவுன்சில் பட்ஜெட்டில் கொடுப்பதை வைத்துத்தான் ஓட்ட வேண்டியிருந்தது. ஒரு வருடம் கை இறுகினால் கடைசி பஸ் ஒன்பது மணிக்கே போய்விடும். என்னைக் கேட்டால், இணைப்பு வரைபடத்தைப் பார்த்து மயங்காதீர்கள். பஸ்ஸுக்குப் பணம் எந்த வரியிலிருந்து வருகிறது, அதை யார் நிறுத்த முடியும், இந்த இரண்டையும் முதலில் கேளுங்கள்.

கேள்வி: கென்டக்கி மாநிலத்து லூயிவில்லிலிருந்து எழுதுகிறேன். இங்கே 2003இல் இணைத்தார்கள். டார்க் பஸ்ஸுக்கு என்ன லாபம்?

நேரடியாக ஒன்றுமில்லை. டார்க் என்கிற லூயிவில் பஸ் ஆணையம் 1974இலேயே கவுன்டி முழுவதற்கும் அமைந்துவிட்டது. அதே வருடம் வாக்கெடுப்பில் சம்பளத்தின் மீது 0.2 சதவீதத் தொழில் வரியும் கிடைத்தது. இணைப்புக்கு 29 வருடம் முன்னாலேயே பஸ் இணைந்துவிட்டது. சமீப வருடங்களில் அங்கே சேவை குறைந்ததற்குக் காரணம் எல்லைக்கோடு அல்ல. கொரோனா காலத்து மத்திய அரசுப் பணம் தீர்ந்துகொண்டு வந்தது, ஓட்டுநர் பற்றாக்குறையும் இருந்தது. மறுபடியும் பணம்தான்.

கேள்வி: நாஷ்வில்லுக்கு ரயில் எப்போது வரும்?

ஒரு ரயில் 2006 முதல் ஓடுகிறது. வீகோ ஸ்டார், லெபனான் ஊர் வரை 32 மைல், சரக்கு ரயில் பாதையில். லைட் ரயிலை (நகரத்துக்குள் ஓடும் சிறிய மின்சார ரயில்) கேட்கிறீர்கள் என்றால், 2018 மே மாதம் 540 கோடி டாலர் திட்டம் வாக்கெடுப்புக்கு வந்தது. ஐந்து லைட் ரயில் பாதைகள், நகர மையத்தில் ஒரு சுரங்கம். 64 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். அப்போது மேயராக இருந்தவர் டேவிட் பிரைலி, முதல் மேயரின் பேரன். 2024 நவம்பரில் வென்ற 310 கோடி டாலர் திட்டத்தில் லைட் ரயில் இல்லை. பஸ், நடைபாதை, சிக்னல், பஸ் நிலையங்கள்தான்.

கேள்வி: இணைப்பால் கறுப்பின மக்களின் வாக்கு பலம் குறைந்தது என்கிறார்களே, உண்மையா?

உண்மை. பழைய நகரத்தில் அவர்கள் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். கவுன்டி முழுவதையும் எடுத்தால் ஐந்தில் ஒன்று. இன்னும் சில வருடங்களில் ஒரு கறுப்பின மேயர் வந்திருக்கக்கூடிய ஊர் அது. தலைவர்களுக்குள்ளேயே கருத்து பிரிந்தது. வழக்கறிஞர் இசட். அலெக்சாண்டர் லூபி இணைப்பை ஆதரித்தார். வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த சாப்பாட்டுக் கடைகளில் உள்ளிருப்புப் போராட்டம் நடத்திய மாணவர்களுக்கு வாதாடியதற்காக 1960இல் அவர் வீட்டில் குண்டு வைத்தார்கள். தொகுதிவாரி இடங்கள் நிறைய இருந்தால் குரல் தங்கும் என்பது ஆதரித்தவர்களின் கணக்கு. அப்போது அமைந்த கவுன்சிலில் 40 பேர், அதில் 35 பேர் தொகுதி உறுப்பினர்கள். இந்தக் கணக்கை யோசிக்காமல் "செலவு மிச்சம்" என்று மட்டும் பேசும் இணைப்புத் திட்டத்தை நம்பாதீர்கள்.

கேள்வி: லைட் ரயில் ஏன் இல்லை அக்கா?

இரண்டு கேள்விக்கு மேலே பாருங்கள்.

கேள்வி: நாங்கள் டேவிட்சன் கவுன்டியின் வடமேற்கு ஓரம். குப்பையைக்கூட காசு கொடுத்து ஆள் வைத்துத்தான் எடுக்கிறோம். பஸ் எட்டிப் பார்ப்பதில்லை. 2024 திட்டத்துக்கான அரை சதவீத விற்பனை வரி மட்டும் எங்களுக்கும் ஏன்?

நியாயமான கேள்வி, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 1963இல் கவுன்டியை இரண்டு அடுக்காகப் பிரித்தார்கள். பொதுச் சேவை வட்டாரம் என்பது கவுன்டி முழுவதும். அதற்குள் நகர்ப்புறச் சேவை வட்டாரம். குப்பை, தெருவிளக்கு போன்றவை உள்வட்டாரத்துக்கு, அதற்கு அவர்கள் கூடுதல் சொத்து வரி கட்டுகிறார்கள். கிடைக்காத சேவைக்குக் கட்டாதே என்ற ஏற்பாடு. இணைப்பு நிலைத்ததற்கு இதை ஒரு முக்கியக் காரணமாக நினைக்கிறேன்.

போக்குவரத்து வரிக்கு அப்படி அடுக்கு இல்லை. மாநிலத்தின் 2017 சட்டம் எந்தெந்த வரியை வாக்கெடுப்புக்கு விடலாம் என்று பட்டியல் போட்டுக் கொடுத்தது. சொத்து வரி அதில் இல்லை. விற்பனை வரி இருந்தது. அதனால் 9.25 சதவீதம் 9.75 ஆனது, எல்லாருக்கும்.

(அவரே மறுபடியும்): அப்படியானால் நாங்கள் ஏமாந்தோம் என்றுதானே அர்த்தம்?

இல்லை. விற்பனை வரியைக் கட்டுவது நீங்கள் மட்டும் அல்ல. பிராட்வே தெருவுக்குப் பாட்டு கேட்க வருகிற ஒவ்வொரு பயணியும் கட்டுகிறார். பக்கத்துக் கவுன்டியிலிருந்து வேலைக்கு வந்து மதியம் சாப்பிடுகிறவரும் கட்டுகிறார்.

மர்ஃப்ரீஸ்பரோவிலிருந்து இன்னொருவர்: அந்தப் பக்கத்துக் கவுன்டிக்காரன் நான்தான். வரி கட்டுகிறேன், எனக்கு வாக்கு இல்லை. இது மட்டும் சரியா?

நீங்கள் இருவரும் எதிரெதிரே நின்று பேசினாலும் தொட்டது ஒரே புண்ணை. டேவிட்சன் கவுன்டியில் சுமார் 7 லட்சம் பேர். பெருநகரப் பகுதியில் 20 லட்சம். 1963இல் கவுன்டியை இணைத்தபோது ஊரே அதற்குள் அடங்கியது. இன்று ரதர்ஃபோர்ட், வில்லியம்சன், சம்னர், வில்சன் என்று ஊர் வெளியே வளர்ந்துவிட்டது. ஒரு தடவை இணைத்தால் கோடு அங்கேயே நின்றுவிடும், வீடுகள் நிற்காது. வாக்கு இல்லை என்ற உங்கள் குறை நியாயமானது. ஆனால் அதற்கு வழி உங்கள் கவுன்டியும் வாக்கெடுப்பு நடத்தி, பங்கு போட்டு, பஸ்ஸை வாங்குவது. சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது.

வடமேற்கு ஓர நண்பருக்கு ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். விற்பனை வரி ஏழைகளைத்தான் அதிகம் அழுத்தும், மளிகைச் சாமான் உட்பட. பஸ்ஸில் போகிறவர்களும் அதே ஏழைகள்தான் என்பதால் நான் ஆதரித்து வாக்களித்தேன். உங்கள் பக்கம் பெரிய பஸ் ஓடாது. நிறுத்தம் வரை டாக்சிக்கு மானியம் தரும் வீகோ லிங்க் போன்ற ஏற்பாடு வரலாம். அதை உங்கள் கவுன்சில் உறுப்பினரிடம் இப்போதே கேளுங்கள்.

கேள்வி: இண்டியானாபொலிஸில் வாக்கெடுப்பே இல்லாமல் இணைத்தார்களாமே?

ஆமாம், மாநில சட்டமன்றமே செய்தது. 1970 ஜனவரி 1 முதல் யூனிகவ் என்ற இணைந்த அரசு, மேயர் ரிச்சர்ட் லூகர். பள்ளி மாவட்டங்களைத் தொடவில்லை, நான்கு சிறு நகரங்கள் தனியாக நின்றன. பஸ்ஸுக்கு வாக்கெடுப்பு நடந்தது 2016இல்: வருமானத்தில் 0.25 சதவீதம். அந்தப் பணத்தின் துணையோடு 2019இல் ரெட் லைன் என்ற விரைவு பஸ் ஓடத் தொடங்கியது. லைட் ரயில் கூடாது என்று மாநிலம் முன்பே சட்டம் போட்டுவிட்டது. பணத்தோடு மாநிலத்தின் அனுமதியையும் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

கேள்வி: கோயம்புத்தூர் மாதிரி ஊர்களில் பஞ்சாயத்துகளை மாநகராட்சியோடு சேர்த்தால் பஸ் கூடுமா?

அங்கே பஸ் ஓட்டுவது மாநில அரசின் போக்குவரத்துக் கழகம், மாநகராட்சி அல்ல. எல்லை மாறுவதால் மட்டும் பஸ் அதிகமாகாது. இதற்கு மேல் அங்கே வேலை பார்த்தவர்களைக் கேளுங்கள்.

கேள்வி: ரயில் வந்தால் டிராஃபிக் குறையுமா? எப்போது வரும்?

மூன்றாவது தடவை. லைட் ரயில் திட்டத்தில் இல்லை. இனி ரயில் கேள்விக்குப் பதில் எழுத மாட்டேன், தயவுசெய்து மேலே படியுங்கள்.

கேள்வி: அம்மா ஊரிலிருந்து வந்திருக்கிறார். நோலன்ஸ்வில் பைக் என்ற சாலையில் தனியாக பஸ்ஸில் அனுப்பலாமா அக்கா?

அனுப்பலாம். 52ஆம் எண் பஸ். 2 டாலர் டிக்கெட் இரண்டு மணி நேரம் செல்லும். பஸ்ஸில் பயமில்லை, இறங்கிய பிறகுதான் கவனம். அந்தச் சாலையில் பல இடங்களில் நடைபாதை இல்லை, கார்கள் வேகமாக வரும். புதிய திட்டத்தில் 86 மைல் நடைபாதை இருக்கிறது, கட்டி முடிக்க வருடங்கள் ஆகும். அதுவரை, கடை எதிர்ப்பக்கம் இருந்தால் சிக்னல் உள்ள நிறுத்தத்தில்தான் இறங்கச் சொல்லுங்கள். ஒரு நிறுத்தம் கூடுதலாக நடந்தாலும் பரவாயில்லை. முதல் தடவை நீங்களும் கூடப் போய் வாருங்கள்.