ரிக்‌ஷா மோட்டாரும் ஏழு அங்குலப் புரொப்பெல்லரும்

கேள்வி: முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுப் பக்கம், கோரையாற்றில் 18 அடி ஃபைபர் படகு வைத்திருக்கிறேன். டீசல் செலவு கட்டுப்படியாகாமல், இ-ரிக்‌ஷாவுக்கு வரும் 48 வோல்ட், 1000 வாட், நிமிடத்துக்கு 3000 சுற்று மோட்டாரை வாங்கி, பழைய தண்டில் நேராகக் கப்ளிங் போட்டுப் பொருத்தினேன். புரொப்பெல்லர் (தண்ணீரைத் தள்ளும் சுழல் இறக்கை) 7 அங்குல விட்டம், 5 அங்குலப் பிட்ச். ஐந்து பேர் ஏறினால் மணிக்கு 6 கிலோமீட்டருக்கு மேல் போகவில்லை. கம்பியைக் கவ்வி மின்சாரத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டர் 38 ஆம்பியர் காட்டுகிறது. இருபது நிமிடத்தில் மோட்டாரில் கை வைக்க முடியவில்லை. 12 வோல்ட், 100 ஏ.எச். பேட்டரி நான்கும் ஒரு மணி நேரத்தில் சோர்ந்துவிடுகின்றன. 1500 வாட் மோட்டார் வாங்கட்டுமா ஐயா, அல்லது கியர் வைக்கட்டுமா?

பதில்: புது மோட்டார் வாங்காதீர்கள். கையில் இருப்பதே போதும். அதைத் தண்டோடு நேராகக் கோத்ததுதான் தவறு.

உங்கள் மோட்டார் நாள் முழுக்கச் சுடாமல் ஓட வேண்டுமென்றால் அது இழுக்க வேண்டியது சுமார் 26 ஆம்பியர். நீங்கள் 38 இழுக்க வைக்கிறீர்கள். சின்னப் புரொப்பெல்லர் என்றால் சுமையும் சின்னதாகத்தான் இருக்கும் என்று தோன்றும். ஆனால் புரொப்பெல்லரைச் சுழற்றத் தேவையான சக்தி சுற்றின் மும்மடிப் பெருக்கமாக ஏறும். சுற்று இரண்டு மடங்கானால் சக்தி எட்டு மடங்கு வேண்டும். அந்த 7 அங்குலத்தை 3000 சுற்றில் தண்ணீருக்குள் ஓட்ட ஏறத்தாழ 3 கிலோவாட் கேட்கும். 1000 வாட் மோட்டார் அதற்கு எங்கே போகும்? 2000 சுற்றை ஒட்டித் திணறிக்கொண்டு, மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்துவிடும் கன்ட்ரோலர் விடுகிற அளவுக்கு மின்சாரத்தை உறிஞ்சிச் சுடுகிறது.

பிட்ச் என்பது திருகாணி மரத்தில் இறங்குவதுபோல, ஒரு சுற்றுக்குப் புரொப்பெல்லர் முன்னேற வேண்டிய தூரம். 5 அங்குலம், 2000 சுற்று என்று கணக்குப் போட்டால் மணிக்கு 15 கிலோமீட்டர் வருகிறது. படகு போவதோ 6. நூற்றுக்கு 60 பங்கு நழுவல். தண்டு சாய்ந்திருப்பதால் இறக்கையின் நுனி நீர்மட்டத்தை ஒட்டிச் சுற்றிக் காற்றையும் இழுக்கிறது என்று ஊகிக்கிறேன். பின்னால் வெள்ளையாக நுரை பொங்கினால் அதுதான்.

தள்ளுவிசை வேண்டுமென்றால் நிறையத் தண்ணீரை மெதுவாகத் தள்ள வேண்டும். கொஞ்சம் தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பதில் சக்தி வீணாகிறது. கரண்டியால் எவ்வளவு வேகமாகத் துழாவினாலும் துடுப்பு போட்டவனைப் பிடிக்க முடியுமா? ஆகவே முதலில் படகுக்கு ஏற்ற புரொப்பெல்லரை முடிவு செய்து, பிறகு அதன் சுற்றுக்கு மோட்டாரைக் கொண்டுவர வேண்டும். நம்மில் பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். மலிவாகக் கிடைத்தது என்று மோட்டாரை முதலில் வாங்கிவிட்டு நானும் ஒரு காலத்தில் விழித்திருக்கிறேன்.

உங்கள் படகில் நீர்மட்ட நீளம் 16 அடி என்று வைத்துக்கொள்கிறேன். இந்த வகைப் படகு மணிக்கு 10 கிலோமீட்டரை நெருங்கும்போது தான் எழுப்பிய அலையிலேயே ஏறத் தொடங்கும். அதற்கு மேல் எவ்வளவு மின்சாரம் கொட்டினாலும் வேகம் லேசில் ஏறாது. நீங்கள் 1500 வாட்டுக்குப் போனாலும் இதே கதைதான். 6, 7 கிலோமீட்டரில் நிம்மதியாகப் போவது என்று வைத்துக்கொண்டால், 12 அங்குல விட்டமும் 8 அங்குலப் பிட்சும் உள்ள புரொப்பெல்லர் 800 சுற்றை ஒட்டி ஓடினால் சரியாக அமையும்.

3000 சுற்றை 800-க்கு இறக்க, கியர்பெட்டியைவிட, உட்புறம் பல் உள்ள டைமிங் பெல்ட் நல்லது. சத்தமில்லை, எண்ணெய் வேண்டாம், பல் போனால் பெல்ட்டை மட்டும் மாற்றினால் போதும். மோட்டாரில் 22 பல், தண்டில் 80 பல் என்று 8 மில்லிமீட்டர் பல் இடைவெளியுள்ள புல்லிகளைப் போடுங்கள். 3.64 மடங்கு குறைந்து தண்டு 825 சுற்றில் ஓடும். மோட்டாரின் முறுக்குவிசை 3.2 நியூட்டன் மீட்டர். பெல்ட் உராய்வில் வீணாவது போக அதுவும் அநேகமாக அதே மடங்கில் கூடும். பெல்ட் சக்தியைக் கூட்டித் தருவதில்லை. இருக்கிற சக்தியைப் பெரிய இறக்கைக்கு ஏற்ற சுற்றில் கொடுக்கிறது, அவ்வளவுதான்.

ஒரு சங்கடம் உண்டு. 12 அங்குல இறக்கைக்கு ஆழம் வேண்டும். ஆறு சேரும் லகூனின் (காயலின்) சேற்றுத் திட்டுகளில் முழங்கால் தண்ணீர்தான் என்றால் அது சேற்றைக் கலக்கிக்கொண்டு நிற்கும். அப்படியானால் 10 அங்குலம், 7 அங்குலப் பிட்ச், 1100 சுற்று என்று இறங்குங்கள். தண்டுப் புல்லியை 60 பல்லாக்கினால் போதும். கொஞ்சம் மின்சாரம் கூடுதலாகப் போகும், பரவாயில்லை. எதுவானாலும் இறக்கை நுனிக்கும் படகின் அடிக்கும் இடையே இரண்டு விரல் இடைவெளி விடுங்கள்.

இதைப் படிக்கும் வேறு யாராவது பழைய பெட்ரோல் அவுட்போர்டின் (படகின் பின்புறம் மாட்டும் எஞ்சினின்) காலில் மோட்டாரை உட்கார வைத்திருந்தால், அதன் அடியில் ஏற்கெனவே கியர் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். ஓர் இறக்கையில் சாக்பீஸ் கோடு போட்டு, இறக்கை ஒரு முழுச் சுற்று வரும்வரை மேல்தண்டைக் கையால் சுற்றி எண்ணிப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டு சுற்றுக்குச் சற்றுக் கூடுதலாக வரும். அதையும் கணக்கில் சேர்த்த பிறகுதான் பெல்ட் தேவையா என்று முடிவு செய்ய வேண்டும்.

தண்டில் பித்தளைப் பின் ஒன்று போட்டு, இரண்டு உதிரியும் வைத்துக்கொள்ளுங்கள். அறுந்த நைலான் வலையோ ஆகாயத்தாமரையோ இறக்கையில் சுற்றினால் பின் உடையட்டும். பெல்ட்டும் கன்ட்ரோலரும் பிழைக்கும். உப்புநீரில் அலுமினியப் புரொப்பெல்லர் என்றால் அதற்குப் பதிலாகத் தான் அரிபட, பக்கத்தில் துத்தநாகக் கட்டி கட்டாயம். மோட்டாரைப் பெட்டிக்குள் மூடி வைக்காதீர்கள். மழையும் தெறிப்பும் படாமல் மேலே கூரை, பக்கங்களில் காற்று வர வழி இருந்தால் போதும்.

சோதனையைக் கரையில் கயிறு கட்டி வைத்துச் செய்யாதீர்கள். நின்ற படகில் ஆம்பியர் எப்போதும் கூடுதலாகவே காட்டும். ஐந்து பேரை ஏற்றி, காற்றில்லாத காலையில், நேராகப் போகும் நீட்டில் முழு வேகம் கொடுத்து, கிளாம்ப் மீட்டரையும் செல்போனில் வேகத்தையும் பாருங்கள். 12 அங்குலத்துக்கு 20 முதல் 25 ஆம்பியரும் 7 கிலோமீட்டரும் வந்தால் சரி. வேகத்தை 6-க்குக் குறைத்தால், இப்போது எரிப்பதில் பாதி மின்சாரம் போதும். 15 ஆம்பியர்தான் காட்டுகிறது, மோட்டார் சுமையில்லாததுபோல் விர்ரென்று சுற்றுகிறது என்றால், பிட்ச் கூடிய புரொப்பெல்லர் தாங்கும். 30-ஐத் தாண்டினால் விட்டத்தை 11 அங்குலமாக்குங்கள். ஓர் அங்குலம் குறைந்தாலே சுமை மூன்றில் ஒரு பங்கு இறங்கிவிடும். பட்டறையில் கிரைண்டரால் வெட்டுவதானால் எல்லா இறக்கையையும் ஒரே அட்டை மாதிரி வைத்து வெட்டச் சொல்லி, இறக்கைகள் சமநிலையில் நிற்கின்றனவா என்று பாருங்கள். கண்மதிப்பில் வெட்டிய ஒன்றை ஒருமுறை மாட்டிப் பார்த்தேன். படகு முழுக்க அதிர்ந்து, பேரிங் ஒரு வாரத்தில் போய்விட்டது.