பிஆர்சிஏ1 மரபணு மாற்றம் இருந்தால் உடற்பயிற்சி சினைப்பையை எடுக்கும் அறுவைக்கு மாற்றாகுமா?

ஆகாது. உடற்பயிற்சி, எடைக் கட்டுப்பாடு, மதுவைத் தவிர்ப்பது எல்லாம் நல்லதுதான், தொடருங்கள். ஆனால் அம்மாவுக்குச் சினைப்பைப் புற்றுநோய் வந்து, உங்களுக்கும் 37 வயதில் பிஆர்சிஏ1 மாற்றம் (மார்பக, சினைப்பைப் புற்றுநோய் வாய்ப்பைக் கூட்டும் மரபணு மாற்றம்) இருக்கிறது என்கிறீர்கள். உடற்பயிற்சி போன்றவற்றை நம்பிச் சினைப்பை அறுவையைத் தள்ளிப்போடாதீர்கள்.

"வாழ்க்கைமுறையை மாற்றினாலே போதும்" என்று நீங்கள் படித்தது பெரும்பாலும் பொதுவான மக்களுக்குச் சொன்னதாக இருக்கும். இந்த மாற்றம் உள்ள பெண்களில் 100 பேரில் சுமார் 40 முதல் 60 பேருக்கு வாழ்நாளில் சினைப்பைப் புற்றுநோய் வரலாம். மற்றவர்களில் ஒன்றிரண்டு பேருக்குத்தான். நடைப்பயிற்சி நிரப்பக்கூடிய இடைவெளி இல்லை இது.

மார்பகத்தையும் சினைப்பையையும் சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். மார்பகத்தை ஆண்டுதோறும் எம்ஆர்ஐ எடுத்துக் கண்காணிக்கலாம், நிதானமாக யோசிக்க நேரம் உண்டு. சினைப்பைக்கு அப்படி இல்லை. ஸ்கேனும் சிஏ-125 ரத்தப் பரிசோதனையும் முன்கூட்டியே காட்டும் என்று நம்ப முடியாது. அதனால்தான் குழந்தைப்பேறு முடிந்திருந்தால் 35 முதல் 40 வயதுக்குள் சினைப்பையைக் கருக்குழாயோடு சேர்த்து எடுத்துவிடச் சொல்கிறார்கள்.

சரி, முதலில் மரபணுப் பரிசோதனை அறிக்கையை எடுத்துப் பாருங்கள். 'பாத்தோஜெனிக்' (நோய் உண்டாக்கக்கூடியது) அல்லது 'லைக்லி பாத்தோஜெனிக்' (பெரும்பாலும் அப்படிப்பட்டது) என்று இருந்தால்தான் இதெல்லாம் பொருந்தும். 'வியூஎஸ்' என்றிருந்தால், விளைவு இன்னும் தெளிவாகாத மாற்றம் அது. அதை மட்டும் வைத்து அறுவைக்குப் போகாதீர்கள், மரபியல் ஆலோசகரிடம் காட்டுங்கள்.

அப்புறம், சினைப்பையை எடுத்ததும் மாதவிடாய் நின்றுவிடும். உடல் திடீரெனக் கொதிக்கும், எலும்பும் பலவீனமாகும். மார்பகப் புற்றுநோய் வராதவர்களுக்குப் பெரும்பாலும் ஹார்மோன் சிகிச்சை தரலாம். உங்களுக்குத் தர முடியுமா என்று அறுவைக்கு முன்பே கேட்டு வையுங்கள்.