விழிக்கும்போது வந்த பயம்

கேள்வி: இரண்டு வருடம் முன்பு தோள் மூட்டு விலகியபோது கெட்டமின் என்ற மயக்க ஊசி போட்டுச் சரிசெய்தார்கள். வலியே தெரியவில்லை. ஆனால் விழிக்கிற நேரத்தில் கூரை உருகி வழிகிற மாதிரியும், நான் செத்து மேலே மிதக்கிற மாதிரியும் இருந்தது, அலறினேனாம். இப்போது இன்னொரு ஆபரேஷன். முன்னாடியே தூக்க மருந்து கொடுத்தால் இப்படி வராது என்கிறார்கள். உண்மையா?

பதில்: பெரும்பாலும் உண்மைதான். முதலில் ஒன்று, அந்த அலறலுக்கு உங்கள் மனசு காரணமில்லை, மருந்தின் குணமே அது. கெட்டமின் மற்ற மயக்க மருந்துகள் மாதிரி மூளையைத் தூங்க வைப்பதில்லை, உடம்புக்கும் நினைவுக்கும் உள்ள தொடர்பைத் துண்டித்துவிடுகிறது. கண்கூடத் திறந்தே இருக்கும். 1964-ல் மனிதர்களுக்கு முதன்முதலாகக் கொடுத்துப் பார்த்தபோதே இந்த விசித்திரத்தைக் கவனித்துவிட்டார்கள். பெரியவர்களில் பத்தில் ஒருவருக்காவது விழிக்கும்போது இப்படிப் பிரமையோ கெட்ட கனவோ வரும், குழந்தைகளுக்குக் குறைவு.

இதற்குத்தான் மிடசோலம், நீங்கள் கேட்ட தூக்க மருந்து. பெரியவர்களுக்கு ஒன்றிரண்டு மில்லிகிராம் நரம்பில் ஏற்றினால் போதும், இரண்டு மூன்று நிமிடத்தில் படபடப்பு அடங்கி, பேச்சு குழறி, கேட்ட கேள்வியையே திரும்பக் கேட்க ஆரம்பிப்பீர்கள். பிரமை குறையும், வந்தாலும் பலருக்கு ஞாபகத்தில் தங்காது. அடியோடு வராது என்று மட்டும் யாரும் சொல்ல முடியாது. ஆபரேஷன் தியேட்டர் சத்தமில்லாமல் இருப்பது, விழிக்கும்போது யாரும் தட்டி உலுக்காமல் இருப்பது, ஊசிக்கு முன் பிடித்த இடத்தை நினைத்துக்கொள்ளச் சொல்வது, இவையும் உதவும். சும்மா சொல்லவில்லை, தியேட்டரில் நாங்கள் இதையெல்லாம் செய்கிறோம்.

அதற்காக எல்லோருக்கும் இது வேண்டுமா? வேண்டாம். பிரான்ஸில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் இதே வகைத் தூக்க மருந்தான லோரசிபாம் மாத்திரையை வைத்துச் செய்த ஆய்வு 2015-ல் வந்தது. வழக்கமான மயக்க மருந்துக்கு முன் அதைப் போட்டவர்களுக்குக் கூடுதல் திருப்தி எதுவும் இல்லை, தெளிவதற்குத்தான் நேரம் பிடித்தது. உங்கள் கதை வேறு. போன தடவை நடந்ததை மயக்க மருந்து டாக்டரிடம் அப்படியே சொல்லுங்கள், கெட்டமினே இல்லாமல் முடித்துவிடவும் வாய்ப்பு உண்டு.

கேள்வி: அப்பாவுக்கு 78 வயது, ஆபரேஷன் என்றாலே நடுங்குகிறார். அவருக்கும் இதைக் கொடுக்கச் சொல்லலாமா?

பதில்: நீங்களாகக் கேட்க வேண்டாம். அந்த வயதில் இதே மருந்தே குழப்பத்தைக் கிளப்பிவிடும், மூச்சும் மந்தமாகலாம். குறட்டை பலமாக இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். விழித்ததும் மூக்குக் கண்ணாடியும் காதுக் கருவியும் கைக்கு எட்டினால் குழப்பம் குறைய உதவும். அப்புறம், வீட்டில் கிடக்கும் தூக்க மாத்திரையை நீங்களே கொடுத்து அழைத்துப் போகாதீர்கள். கொடுத்துவிட்டீர்கள் என்றால் திட்டுவார்களே என்று மறைக்காதீர்கள்.