வெங்காயத்துக்கு வந்த தடையும் ஜூனோ விருதும்

அண்ணா வணக்கம்,

நான் ஸ்காபரோவில இருந்து எழுதுறன், ஊர் கொக்குவில், இஞ்ச வந்து இருபத்திரண்டு வருசமாச்சு. உங்கட எழுத்தைக் கனகாலமா வாசிக்கிறன், எழுதுறது இதுதான் முதல்தரம். 2025ல கனடாவின்ர பெரிய இசை விருதான ஜூனோவில முதல்முறையா தெற்காசிய இசைக்கெண்டு தனிப்பிரிவு வைச்சு ஏ.பி. டில்லனுக்குக் குடுத்தவை. அதுக்கு முதல் வருசம் கரன் ஔஜ்லாவுக்கு ரசிகர் தெரிவு விருது. ரெண்டு பேரும் பஞ்சாபி ஆக்கள். சந்தோசம்தான், ஆனா எனக்கு உள்ளுக்க ஒரு எரிச்சல் வந்தது உண்மை. இவ்வளவு தமிழ்ச்சனம் இருக்கிற நாட்டில எங்கட பிள்ளையள் எங்க? என்ர அண்ணாவின்ர மகனும் சொந்தமாப் பாட்டு எழுதிப் பாடுறவன், நல்லாப் பாடுவான், ஆரும் கணக்கெடுக்கினமில்லை. நீங்கள் விருது எண்டாலே நக்கலடிக்கிறனீங்கள். இதுக்கு என்ன சொல்லுவியள்?

ஒரு வாசகி, ஸ்காபரோ

*

தங்கச்சி,

நக்கலடிக்கிறது உண்மைதான், ஒத்துக்கொள்ளுறன். இஞ்ச இலங்கையில ஒரு மனுசன் அறுபது வயசு தாண்டினாத்தான் கலாபூஷணம் எண்ட அரசாங்க விருது, அதுக்குள்ள அந்தாளுக்குக் குரலும் போய்ப் பல்லும் போயிடும், விழாவிலயும் பாதி நேரம் பொன்னாடை போர்க்கிறதும் அதுக்குப் படம் எடுக்கிறதும்தான். உதைப் பாத்துப் பாத்து வந்த வாய் இது. ஆனா ஜூனோ அப்பிடி இல்லை, அதுக்குப் பின்னால ஒரு கதை இருக்கு, அந்தக் கதையிலதான் உங்கட கேள்விக்கு மறுமொழியும் கிடக்கு எண்டு நினைக்கிறன்.

ஜூனோ எண்டது ஒரு பாட்டுக்காரற்ற பேரோ எண்டு நானும் கனநாள் நினைச்சிருக்கிறன், இல்லையாம். கந்தோர்க்காரர் ஒருத்தர், பியர் ஜூனோ எண்டு, கனடாவின்ர ஒலிபரப்பு ஆணைக்குழுவுக்கு முதல் தலைவரா இருந்தவர், அவற்ற பேரைத்தான் எழுத்தைக் கொஞ்சம் மாத்தி 1971ல விருதுக்கு வைச்சவை. யோசிச்சுப் பாருங்கோ, ஒரு நாட்டின்ர பெரிய இசை விருதுக்கு ஒரு அரசாங்க அதிகாரியின்ர பேர்! அவர் செய்தது ஒரு காரியம்தான், 1971 தொடக்கம் ஏ.எம். றேடியோக்காரர் போடுற பாட்டில நூற்றுக்கு 30 கனடாப் பாட்டா இருக்கவேணும் எண்டு சட்டம் கொண்டுவந்தது. அதுக்கு முதல் அங்கத்தைப் பொடியள் பாடினா ஆரும் போடமாட்டினம், அமெரிக்காவுக்குப் போய்ப் பேர் எடுத்துக்கொண்டு வந்தாத்தான் சொந்த ஊர் றேடியோவே திரும்பிப் பார்க்கும். (எங்கயோ கேட்ட கதை மாதிரி இருக்கோ?)

சட்டம் வந்தவுடன றேடியோக்காரர் குய்யோ முறையோ எண்டு கத்தினவை, நல்ல பாட்டு எங்க இருக்கு நாங்கள் எதைப் போடுறது எண்டு. கொஞ்சப் பேர் ஒரு கெட்டித்தனமும் விட்டவை, கனடாப் பாட்டு எல்லாத்தையும் கொண்டுபோய் நடுச்சாமத்திலயும் விடியக்காலமையும் போட்டுத் தள்ளிப்போட்டு, சனம் முழிச்சிருக்கிற நேரத்தில பழையபடி அமெரிக்கப் பாட்டு. கனடாவுக்குச் சின்னம் பீவர் எண்ட பிராணிதானே, அதால உதுக்குப் பகிடியா பீவர் நேரம் எண்டு பேர் வைச்சுட்டினம். ஆனாலும் சட்டம் சட்டமா நிண்டது, ஸ்ரூடியோக்கள் வந்தது, வாத்தியகாரருக்கு வேலை வந்தது, கேட்டுக் கேட்டுச் சனத்தின்ர காதும் பழகிச்சுது. இப்ப அந்தக் கணக்கு 35. விருதுக் கதை ஒரு சஞ்சிகைக்காரர் 1964ல வாசகரிட்ட வோட்டுக் கேட்டதில தொடங்கினது உண்மைதான், ஆனா அது ரீவிக்கு வந்தது 1975ல, சட்டம் வந்து நாலு வருசத்துக்குப் பிறகு. முதல் காது, பேந்துதான் கப்.

இது எங்களுக்குத் தெரியாத விசயம் இல்லை தங்கச்சி. உங்கட அப்பாவைக் கேட்டுப் பாருங்கோ, 1970இல இருந்து 77 மட்டும் பிரதமர் சிறிமா அம்மையாரின்ர ஆட்சியில இறக்குமதிக்குக் கட்டுப்பாடு, வெளியில இருந்து வெங்காயமும் மிளகாயும் வராது, எங்கட தோட்டக்காரர் நிமிர்ந்தது அந்தக் காலம்தான், எத்தினை மண்வீடு கல்வீடானது. (பாணுக்கு விடிய நாலு மணிக்கு கியூவில நிண்டதும் அதே காலம்தான், அதையும் சொல்லத்தானே வேணும்.) அதோட சேர்த்து இந்தியாவில இருந்து வாற சஞ்சிகையளுக்கும் கட்டுப்பாடு வந்தது, அதால எங்கட சஞ்சிகையளை வாசிக்க ஆள் வந்தது. எங்கட பொப் இசை கொடிகட்டிப் பறந்ததும் கிட்டத்தட்ட அதே வருசங்களிலதான், நித்தி கனகரத்தினம், ஏ.ஈ. மனோகரன் எண்டு ஊர்ப் பேச்சுத் தமிழில, பைலாத் தாளத்தில, வீட்டு விசயத்தையே பகிடியாப் பாடிப்போட்டு அது கடலைத் தாண்டி இந்தியாவிலயும் பாடப்பட்டது. தடையாலதான் பாட்டு வந்தது எண்டு நான் சொல்லவரேல்லை, பாட்டு எப்பவும் இருந்ததுதான். சந்தைக்குள்ள கொஞ்சம் இடம் கிடைச்சுது, அவ்வளவுதான். 77க்குப் பிறகு கதவு திறந்தது, கசெட் வந்தது, பேந்து சண்டை, பாட்டுக்காரர் ஆளுக்கொரு நாடு.

இப்ப உங்கட பஞ்சாபி ஆக்களுக்கு வருவம். அவையிட்ட என்ன இருக்கு, எங்களிட்ட என்ன இல்லை? எனக்குத் தெரிஞ்சமட்டில, அவையின்ர பாட்டு சினிமாவை நம்பி நிக்கேல்லை. ஒரு பொடியன் ட்ராக்ரரைப் பற்றியோ கிராமத்தைப் பற்றியோ தானே எழுதித் தானே பாடிப்போடுவான், கலியாண வீட்டில அதைத்தான் போட்டு ஆடுவினம், காரில அதுதான் அதிரும். எங்கட கதை அப்பிடியோ? கோவிக்கக்கூடாது, ஒண்டு கேட்கிறன், கடைசியா நீங்கள் போன சாமத்திய வீட்டில டிஜே என்ன போட்டவர்? பிள்ளையை என்ன பாட்டோட கூட்டிக்கொண்டு வந்தவை? அதில ஒரு பாட்டெண்டாலும் கனடாவில இருக்கிற எங்கட பொடியன் பெட்டை செய்ததோ?

உங்களை மட்டும் குத்திக்காட்டேல்லை, இஞ்சயும் அதேதான். 2024 பெப்ரவரியில யாழ்ப்பாணம் முற்றவெளியில இந்தியாவில இருந்து ஹரிஹரன் பாட வந்த இரவு சனம் தடுப்பையெல்லாம் உடைச்சுக்கொண்டு உள்ளுக்க போய் நிகழ்ச்சியையே இடையில நிப்பாட்டவேண்டி வந்தது, உங்களுக்கும் வீடியோ வந்திருக்கும். அடுத்த கிழமை எங்கட பொடியள் ஒரு சின்ன மண்டபத்தில சொந்தப் பாட்டுப் பாடினவை, நான் போயிருந்தனான், கதிரை அரைவாசி காலி, இருந்த சனத்திலயும் பாதி அவையின்ர அம்மாமார்தான். ஹரிஹரன் நல்ல பாடகர், அதில எனக்கு ஒரு மாற்றுக்கருத்தும் இல்லை. ஆனா தடுப்பு உடைக்கிற அளவுக்கு எங்களிட்டப் பலம் இருக்கு எண்டது அண்டைக்குத்தானே தெரிஞ்சது.

விருது வாங்கினா எல்லாம் சரியாயிடும் எண்டும் இல்லை. ஸ்ரொம்பின் ரொம் கொனர்ஸ் எண்டு ஒரு நாட்டுப்பாட்டுக்காரர் அங்க இருந்தவர், கனடாவின்ர சின்னச் சின்ன ஊர்களைப் பற்றியே பாடினவர், பாடேக்க காலால பலகையில அடிச்சுத் தாளம் போடுறதால வந்த பேர். அந்த மனுசன் 1978ல தனக்குக் கிடைச்ச ஆறு ஜூனோவையும் திருப்பிக் குடுத்தவர். அமெரிக்காவில போயிருந்து உழைக்கிறவைக்கு ஏன் எங்கட விருது எண்டு கேட்டுத்தான். அவர் சொன்னது முழுக்கச் சரியெண்டு நான் நினைக்கேல்லை, வெளிநாடு போனவன் ஊர்க்காரன் இல்லையெண்டால் எங்கட வீடுகளில பாதி ஆளில்லாமப் போயிடும். ஆனா ஆறையும் கட்டி அனுப்பின அந்த மனத்தைரியம், அது எனக்குப் பிடிக்கும்.

மேடையில எங்கட ஆக்கள் ஒருத்தரும் இல்லை எண்டதும் சரியில்லை. 2009 பெப்ரவரியில எம்.ஐ.ஏ. எண்ட பேரில பாடுற மாயா அமெரிக்காவின்ர கிராமி விருது மேடையில நிறைமாச வயிறோட நிண்டு பாடினவ, அந்த வருசத்தின்ர சிறந்த ஒலிப்பதிவுக்கு அவவின்ர பாட்டும் தேர்வுப் பட்டியலில இருந்தது, கிடைக்கேல்லை. சின்ன வயசில யாழ்ப்பாணத்தில இருந்த பிள்ளை. அந்த மாசம் எங்களுக்கு வன்னிச் சண்டைச் செய்தியைத் தவிர வேற ஒண்டும் காதில ஏறேல்லை, நான் அந்த வீடியோவைப் பாத்ததே ரெண்டு வருசம் கழிச்சு.

உங்கட ரொறன்ரோவிலயே ஷான் வின்சென்ற் டீ போல் இருக்கிறார், யாழ்ப்பாணத்தில பிறந்தவர், யாஞ்சன் மிருதங்கம் வாசிக்க அவர் அதுக்குமேல றாப் சொல்லுவார், கேட்டுப் பாருங்கோ, இணுவில் தவில் கேட்டு வளந்த காதுக்கு அது நல்லா ஏறும். முதல்தரம் கேட்கேக்க நான் தேத்தண்ணியை ஆறவிட்டுட்டன்.

மற்றது ஒரு நடைமுறை விசயம். ஜூனோவுக்கு ஆரும் தேடிக்கொண்டு வந்து தரமாட்டினம், பாட்டுக்காரரோ கொம்பனியோ தாங்களே காசு கட்டி அனுப்பவேணும், கனடாப் பிரஜையாவோ நிரந்தர வதிவிடம் உள்ளவராவோ இருக்கவேணும். உங்கட அண்ணாவின்ர மகனுக்கு அது சொல்லிவிடுங்கோ. விருதுகளில கனக்க ரீவியில காட்டுற இரவுக்கு முதல்நாளே குடுத்து முடிச்சிடுவினம், அதையும் சொல்லுங்கோ, பொடியன் ரீவிக்கெண்டு கோட் தைச்சுப்போட்டு இருக்கக்கூடாது.

இன்னொண்டு. உங்கட கடிதத்தை மூண்டுதரம் வாசிச்சன், ஏ.பி. டில்லன் இருக்கிறார், கரன் ஔஜ்லா இருக்கிறார், பெடியன்ர பேரும் இல்லை பாட்டும் இல்லை. பாட்டை அனுப்புங்கோ. வட்ஸ்அப்பில வேண்டாம், சத்தம் நசிஞ்சுபோய் வரும், ஈமெயிலில அனுப்புங்கோ.