ஸ்டென்டிலேயே மருந்து இருக்கிறதே, மாத்திரை எதற்கு?

கேள்வி: எனக்கு வயது 58. சர்க்கரை நோய் உண்டு. ஐந்து மாதங்களுக்கு முன்பு மாரடைப்பு வந்து, ஆஞ்சியோபிளாஸ்டி செய்து, மருந்து தடவிய ஸ்டென்ட் வைத்தார்கள். ஆஸ்பிரின், டைகாக்ரெலார், அட்டோர்வாஸ்டாட்டின் சாப்பிட்டு வருகிறேன். லேசாக இடித்துக்கொண்டாலே கை கன்றிப்போகிறது. பல் தேய்த்தால் ஈறில் ரத்தம் வருகிறது. சில நேரம் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குகிறது. ஸ்டென்டிலேயே மருந்து இருக்கும்போது இத்தனை மாத்திரை எதற்கு? என் அண்ணன் ஒரு நாள்கூட மாத்திரையை விட்டதில்லை; அவருடைய ஸ்டென்ட் எட்டே மாதத்தில் மறுபடி சுருங்கிவிட்டது. அடுத்த வாரம் எனக்கு ஒரு பல் எடுக்க வேண்டும். ஐந்து நாள் மாத்திரையை நிறுத்திவிட்டு வரச் சொல்கிறார்கள். நிறுத்தலாமா?

பதில்: நிறுத்தாதீர்கள். பல்லுக்கு வேறு வழி இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன். உங்கள் முதல் கேள்விதான் சரியான கேள்வி. ஸ்டென்ட் வைத்துக்கொண்ட பலருக்கும் இந்தச் சந்தேகம் உண்டு, கேட்கத்தான் தயங்குகிறார்கள்.

ஸ்டென்ட் என்பது இதய ரத்தக் குழாயைத் திறந்தபடி வைத்திருக்கும் சிறிய கம்பி வலை. அதை வைத்த இடத்தில் இரண்டு விதமான கோளாறு வரலாம். ஒன்று, ரத்தம் உறைந்து கட்டியாகி, சில நிமிடங்களில் குழாயை மூடிவிடுவது. இது அபூர்வம்தான்; ஆனால் வந்தால் பெரும்பாலும் இன்னொரு மாரடைப்பாக வரும், உயிரையே பறிக்கலாம். இன்னொன்று, குழாயின் உட்சுவரில் தசைச் செல்கள் பெருகி, மாதக்கணக்கில் மெல்ல மெல்லச் சுருங்குவது. பலூனும் ஸ்டென்டும் உட்சுவரைக் காயப்படுத்தித்தான் வழியைத் திறக்கின்றன. அந்தக் காயம் ஆறும்போது சிலருக்குத் தழும்பு தேவைக்கு மேல் வளர்ந்துவிடுகிறது. நடந்தால், மாடி ஏறினால் நெஞ்சு இறுக்கம் என்று பழைய தொந்தரவு திரும்ப வரும். உங்கள் அண்ணனுக்கு நேர்ந்தது இந்த இரண்டாவது வகைதான்.

ஆஸ்பிரினும் டைகாக்ரெலாரும் ரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் பார்த்துக்கொள்பவை. முதல் கோளாறைத் தடுப்பதுதான் அவற்றின் வேலை. தழும்பு வளர்வதை அவற்றால் நிறுத்த முடியாது. அதனால் அண்ணனுடைய மாத்திரை தோற்றுவிட்டது என்று எண்ண வேண்டாம். அதற்குரிய வேலையை அது செய்துகொண்டுதான் இருந்தது.

சரி, தழும்பை நிறுத்த ஒரு மாத்திரை கிடையாதா? தேடாமல் இல்லை. 1977-ல் ஜூரிச்சில் ஆண்ட்ரியாஸ் குரூன்ட்சிக் முதன்முதலாக இதயக் குழாயைப் பலூனால் விரித்தார். வெறும் பலூன் மட்டும் இருந்த அந்தக் காலத்தில், ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு ஆறு மாதத்துக்குள் குழாய் திரும்பச் சுருங்கியது. 1986-ல் உலோக ஸ்டென்ட் வந்தது. சுருக்கம் குறைந்தது, ஆனால் ஒழியவில்லை. ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின், மீன் எண்ணெய், கொழுப்பு மாத்திரை என்று கையில் இருந்ததையெல்லாம் சோதித்துப் பார்த்தார்கள். ஒன்றிரண்டு கொஞ்சம் பலன் தந்ததோடு சரி. ஃபோலிக் அமிலம் கலந்த வைட்டமின்களைக் கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வில், 2004-ல் வந்தது, சுருக்கம் கூடியே போனது! ஊட்டச்சத்து மாத்திரை என்றால் கெடுதல் இருக்காது என்று நினைப்பவர்களிடம் நான் இதைச் சொல்வதுண்டு.

தீர்வு வேறு பக்கத்திலிருந்து வந்தது. ஈஸ்டர் தீவின் மண்ணில் இருந்த ஒரு நுண்ணுயிரியிலிருந்து எடுத்த சிரோலிமஸ் என்ற மருந்து, மாற்றுச் சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமல் இருக்கப் பயன்பட்டு வந்தது. செல்கள் பெருகுவதை அது நிறுத்தும். வாய் வழியாகக் கொடுத்தால் உடல் முழுவதையும் பாதிக்கும். அதையே ஸ்டென்டின் கம்பிகளில் பூசி, தேவையான இடத்தில் மட்டும் சில வாரம், சில மாதம் கசிய விட்டால்? 2002 வாக்கில் அப்படிப்பட்ட ஸ்டென்ட்கள் புழக்கத்துக்கு வந்தன. இப்போது வைக்கப்படும் பெரும்பாலான ஸ்டென்ட்களில் இருப்பது அதே குடும்பத்து மருந்துகள்தான், எவரோலிமஸ், சோட்டரோலிமஸ் போன்றவை. மறுபடி சுருங்குவது பத்தில் ஒருவருக்கும் கீழாக இறங்கிவிட்டது.

உங்கள் கேள்விக்கான விடை இங்கேதான் இருக்கிறது. தழும்பை அடக்கும் அந்த மருந்து, நல்ல செல்களையும் சேர்த்தே தாமதப்படுத்துகிறது. குழாயின் மெல்லிய உட்தோல் கம்பிகளின் மேல் படர்ந்து மூட வேண்டும். அதுவரை உலோகம் ரத்தத்தில் வெறுமனே நிற்கும், தட்டணுக்கள் அதில் வந்து ஒட்டப் பார்க்கும். ஆக, ஸ்டென்டில் மருந்து இருப்பதாலேயே மாத்திரை இன்னும் அவசியமாகிறது. மாரடைப்புக்குப் பின் வைத்த ஸ்டென்ட் என்றால் இரண்டு மாத்திரையும் பொதுவாக 12 மாதம். மாரடைப்பு இல்லாமல், நாள்பட்ட நெஞ்சுவலிக்காக வைத்திருந்தால் ஆறு மாதம். ரத்தக்கசிவு அபாயம் அதிகம் உள்ளவர்களுக்கு இதைக் குறைப்பதும் உண்டு, இரண்டில் ஒன்றை முன்கூட்டி நிறுத்துவதும் உண்டு. அது உங்கள் இதய மருத்துவர் கணக்குப் போட்டு எடுக்க வேண்டிய முடிவு.

டைகாக்ரெலார் ஒரு நாளைக்கு இரண்டு வேளை. ராத்திரி மாத்திரையை மறப்பவர்கள் அதிகம். மறந்தால் அடுத்த வேளைக்கு உரியதை அந்த நேரத்தில் சாப்பிடுங்கள், இரண்டாகச் சேர்த்துப் போடாதீர்கள். மூச்சு வாங்குவது இந்த மருந்தின் தெரிந்த பக்கவிளைவு, நுரையீரலைக் கெடுக்காது. இருந்தாலும் மாரடைப்பு வந்த இதயம் பலவீனமாகி மூச்சு வாங்குகிறதா என்பதை முதலில் பார்த்தாக வேண்டும். இந்த வாரமே ஒரு எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்துக் காட்டுங்கள். காரணம் மருந்துதான் என்று தெரிந்து, தொந்தரவும் தாங்க முடியவில்லை என்றால் அதே வேலையைச் செய்யும் குளோபிடோக்ரெலுக்கு மாற்றித் தருவார்கள். நீங்களாக மாற்றக் கூடாது. மருத்துவர் அப்படி மாற்றினால், வயிற்றுக்கு ஒமிப்ரசோல் சாப்பிடுகிறீர்களா என்பதையும் சொல்லுங்கள். அது குளோபிடோக்ரெலின் வேகத்தைக் குறைக்கும். பான்டோபிரசோல் பரவாயில்லை.

கை கன்றுவதும் ஈறில் கொஞ்சம் ரத்தமும் தொல்லைதான், ஆபத்தில்லை. மென்மையான பிரஷ் போதும். மலம் கறுப்பாகப் போனாலோ, சிறுநீரில் ரத்தம் வந்தாலோ, தலையில் அடிபட்டாலோ காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். மூட்டுவலிக்கு இபுபுரோஃபென், டைக்ளோஃபினாக் வேண்டாம், பாராசிட்டமால் போதும்.

கொழுப்பைக் குறைக்கும் அட்டோர்வாஸ்டாட்டின் காலவரையறை இல்லாதது. அது மற்ற குழாய்களுக்காக என்று பலர் நினைக்கிறார்கள். பாதி சரி. சில வருடம் கழித்து ஸ்டென்டுக்கு உள்ளேயே புதிதாகக் கொழுப்பு படியலாம், அங்கேயும் அதுதான் காவல். உங்கள் எல்.டி.எல். (கெட்ட கொழுப்பு) 55-க்குக் கீழே இருப்பது நல்லது. ஸ்டாட்டின் மட்டும் போதாவிட்டால் எசிட்டிமைப் என்ற இன்னொரு கொழுப்பு மாத்திரையைச் சேர்ப்பார்கள். சர்க்கரை நோயாளிகளுக்குக் குழாய் திரும்பச் சுருங்கும் வாய்ப்பு சற்று அதிகம். ஆகவே சர்க்கரையும் புகைப்பழக்கமும் இதில் சேர்ந்த விஷயமே.

அண்ணனிடம் இதையும் சொல்லுங்கள்: சுருங்கிய ஸ்டென்டைத் திரும்பத் திறக்க முடியும். பாக்லிடாக்செல் பூசிய பலூனை ஒரு நிமிடம் போல ஊதிப் பிடித்தால் மருந்து சுவரில் ஒட்டிக்கொள்கிறது, புதிதாக உலோகம் தேவைப்படாமலே போகலாம்.

இனி உங்கள் பல். ஒரே ஒரு பல் என்றால் இரண்டு மாத்திரையும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே எடுக்கலாம். ரத்தம் நிற்கக் கொஞ்சம் கூடுதல் நேரமாகும், அவ்வளவுதான். பஞ்சை வைத்து அழுத்திக் கடிக்கச் சொல்வார்கள், தேவைப்பட்டால் ஒரு தையல், டிரானெக்சாமிக் அமிலம் கலந்த வாய்கொப்பளிப்பு. காலை நேரத்தில் போங்கள், பகலில் கசிந்தால் திரும்பிப் போய்க் காட்ட வசதி. அதற்கு முன்பு, ஸ்டென்ட் வைத்த தேதி எழுதிய சீட்டைப் பல் மருத்துவரிடம் கொடுத்து, உங்கள் இதய மருத்துவரிடம் ஒரு வார்த்தை பேசச் சொல்லுங்கள். அவசரமில்லாத பல் என்றால் இன்னும் ஏழு மாதம் தள்ளிப்போடலாம்.