பயண லேப்டாப்பில் நெட்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் லேப்டாப் சர்வீஸ் செய்கிறேன். குறைந்த விலையில் பயணத்துக்கு ஒரு லேப்டாப் வாங்க நினைக்கிறவர்கள் கேட்ட கேள்விகளும் என் பதில்களும்.

கேள்வி: அண்ணே, தினமும் கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு பஸ்ஸில் போகிறேன். சிம் போடுகிற லேப்டாப் வாங்கலாமா?

வேண்டாம் தம்பி. அந்த வசதி பெரும்பாலும் ஆபீஸ்களுக்கான விலை கூடிய மாடல்களில்தான் வரும். அந்தப் பணத்தை ரேமுக்குப் போடு. உன் போன் ஹாட்ஸ்பாட்டே போதும். போன் சார்ஜ் இறங்குகிறதா, கேபிளில் இணைத்து யூஎஸ்பி டெதரிங் (போன் நெட்டைக் கேபிள் வழியாக லேப்டாப்புக்குக் கொடுப்பது) போடு. போன் சார்ஜும் ஏறும்; லேப்டாப் பேட்டரிதான் கொஞ்சம் சீக்கிரம் தீரும்.

கேள்வி: சார், ஒரே மாதிரி இரண்டு மாடல். ஒன்று வைஃபை 5, இன்னொன்று வைஃபை 6. மூவாயிரம் வித்தியாசம். எதை எடுக்கலாம்?

சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? வைஃபை 5, 6 என்பவை வைஃபையின் பழைய, புதிய தலைமுறைகள். வைஃபை 5 கார்டில் இரண்டு ஆன்டெனா இருந்தால் வேகம் ஏட்டளவில் 866 எம்பிபிஎஸ், ஒன்றே இருந்தால் 433. நம் போனில் வரும் 4ஜி அதற்குப் பக்கத்தில்கூட வராது. வெளியூரில் போன் நெட்டையே நம்பியிருப்பவருக்கு அந்த மூவாயிரம் மிச்சம். ஹாஸ்டலில் நாற்பது பேர் ஒரே ரவுட்டரில் இருக்கிறீர்கள், அந்த ரவுட்டரும் வைஃபை 6 என்றால் மட்டும் கொடுக்கலாம். நெரிசலைச் சமாளிக்கத்தான் அது வந்தது.

நான் உண்மையில் பயப்படுவது வேறு ஒன்றுக்கு. மிக மலிவான சில மாடல்களிலும் பழைய லேப்டாப்களிலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே பிடிக்கும் கார்டு இருக்கும். அந்த அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல் 1, 6, 11 என மூன்றுதான். பக்கத்து வீட்டு வைஃபை, புளூடூத் மவுஸ், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் அங்கேயே முட்டிக்கொள்ளும். சிக்னல் முழுதாகக் காட்டும், வீடியோ மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும். தயவுசெய்து 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இன்னொரு அலைவரிசை (வைஃபை 5 என்பது வேறு) இல்லாததை வாங்காதீர்கள்.

கேள்வி: அதைக் கடையிலேயே எப்படிப் பார்ப்பது?

உங்கள் போன் ஹாட்ஸ்பாட் செட்டிங்கில் 5 கிகாஹெர்ட்ஸைத் தேர்ந்தெடுங்கள். கடை லேப்டாப்பின் வைஃபை பட்டியலில் உங்கள் போன் பெயர் வர வேண்டும். போன் பக்கத்திலேயே இருந்தும் வரவில்லை என்றால் அந்த லேப்டாப் வேண்டாம்.

கேள்வி: ஏற்கெனவே அப்படி ஒன்றை வாங்கிவிட்டேனே அண்ணே?

கவலைப்படாதீர்கள். பின்மூடியைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். கார்டு எம்.2 ஸ்லாட்டில் (கார்டைக் கழற்றி மாட்டக்கூடிய சின்ன இடம்) இருந்தால் மாற்றிவிடலாம். இன்டெல் ஏஎக்ஸ்210 கார்டு இன்டெல், ஏஎம்டி பிராசஸர் இரண்டிலும் ஓடும். ஏஎக்ஸ்211 அப்படியில்லை, குறிப்பிட்ட இன்டெல் பிராசஸர்களோடு மட்டும்தான். ஒரு எண் வித்தியாசத்தில் மாற்றி வாங்கி வந்து ஏமாந்து நிற்பவர்களைப் பார்த்தால் மனசு கஷ்டமாக இருக்கும். கார்டு போர்டிலேயே பற்றவைத்திருந்தால் சின்ன யூஎஸ்பி வைஃபை அடாப்டர்தான் வழி.

கேள்வி: தம்பி, எனக்குப் புதுச்சேரி சிம். காரைக்கால், மாஹே என்று சொந்தக்காரர் வீடுகளுக்குப் போவேன். லேப்டாப்பில் நெட் வருமா?

வரும் அம்மா. புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ்நாடு தொலைத்தொடர்பு வட்டத்திலேயே இருக்கின்றன. மாஹே கேரள வட்டம், ஏனாம் ஆந்திர வட்டம். அங்கே போனில் டேட்டா ரோமிங்கை ஆன் செய்துவிட்டு அப்புறம் ஹாட்ஸ்பாட் போடுங்கள்.

கேள்வி: ஒரு நாளைக்கு 1.5 ஜிபி. லேப்டாப்பைத் திறந்த அரை மணியில் காலி!

விண்டோஸ் அப்டேட் குடித்திருக்கும். வைஃபை செட்டிங்கில் உங்கள் ஹாட்ஸ்பாட் பெயரைத் திறந்து ‘மீட்டர்டு கனெக்‌ஷன்’ (இது அளவான நெட் என்று விண்டோஸுக்குச் சொல்வது) என்பதை ஆன் செய்யுங்கள். பெரிய அப்டேட்டை வீட்டு பிராட்பேண்டில் போட்டுக்கொள்ளலாம்.

கேள்வி: புதுச்சேரியில் பழைய பிரெஞ்சு வீடு ஒன்றில் தங்கினேன். கூடத்தில் பறந்த நெட் அறைக்குள் வரவே இல்லை. லேப்டாப் கோளாறா?

இல்லை, அந்தத் தடிமனான சுவர்கள்தான். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டுவதில் பலவீனம். அந்த மாதிரி இடத்தில் 2.4-க்கு மாறிப் பாருங்கள், மெதுவாகவாவது வந்து சேரும்.